உடைத்துப் போட்ட பரிசு

"அவ சுத்தியலால அடிச்சு உடைச்சா சார்! பின்னாடி குப்பைத்தொட்டிகிட்ட, என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

வாட்ச்மேன் மேனேஜரின் மேஜைமேல் பையைக் கவிழ்த்தார். ஆபீசின் பழைய பிளாஸ்டிக் காபி மெஷினின் மூடி, பிடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சில்லுசில்லாக உதிர்ந்தன.

"ஒரு கீறல் இல்லாத பொருள் சார். யாருக்காவது ஆகியிருக்கும்." அவருக்கு மனசே ஆறவில்லை.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. போன வெள்ளிக்கிழமைதான் ஆபீசையே கூட்டிவைத்து, ரிப்பன் கட்டி, துப்புரவு வேலை பார்க்கும் 'பக்கெட்' அக்காவுக்கு அதைக் கொடுத்திருந்தார். அந்தப் போட்டோவுக்கு வாட்சப் குரூப்பில் இன்னும் கைதட்டல் வந்துகொண்டிருந்தது.

"கூப்பிடு அவளை!"

அக்கா ஈரத் துணியோடு வந்தாள். சில்லுகளைப் பார்த்தாள்.

"உடைச்சது நீதானா?"

"ஆமா சார்."

"ஓடிக்கிட்டிருந்த மெஷின்! வேணாம்னா அப்பவே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"எங்க சார் விட்டீங்க? சிரி சிரின்னு போட்டோ எடுத்துட்டீங்க."

கதவோரம் நின்ற கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் முறைத்ததும் அடங்கியது.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குறியா? எவ்வளவு திமிரு! நாளையிலிருந்து வேலைக்கு வராதே. போ!"

அக்கா நகரவில்லை. துணியை மட்டும் ஒருமுறை முறுக்கினாள்.

"நான் பல்லைப் பாக்கல சார். நீங்க பாத்துச் சொன்னதுதான்."

"நானா? எப்போ?"

எதிரே காபி அறைக் கதவைக் கை காட்டினாள். பெரிய எழுத்தில் நோட்டீஸ்: 'பிளாஸ்டிக் மெஷினில் கொதிநீர் பட்டால், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் காபியில் கலக்கக்கூடும். இனி நமக்கு ஸ்டீல் மெஷின். உங்கள் உடல்நலமே என் கவலை. இப்படிக்கு, மேனேஜர்.'

"அதை ஒட்டினது யாரு சார்? கோணலா இருக்கு, கோணலா இருக்குன்னு நாலு தடவை பிச்சு ஒட்ட வெச்சீங்களே. நாலு தடவையும் படிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியும்னு நீங்க நெனைக்கல, அவ்வளவுதான்."

காபி அறையில் புது ஸ்டீல் மெஷின் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"உங்க வயித்துக்கு ஆகாதது எங்க வயித்துக்கு ஆகுமா சார்? அதுக்கு ரிப்பன் வேற!"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

"சரி... பிடிக்கலைன்னா பேசாம குப்பையில போட்டிருக்கலாமே. என் மேல இருக்கிற ஆத்திரத்துக்குச் சுத்தியல் எடுப்பியா?"

"ஆத்திரம் இருந்துச்சு சார், இல்லைங்கல. ஆனா அதுக்காக உடைக்கல."

அக்கா வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது.

"முழுசா போட்டா இந்த அண்ணன் எடுத்துட்டுப் போயிருவாரு சார். இவரு மக மாசமா இருக்கு."