ஏன் என்று கேட்கக் கூடாது

"மேசைக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. நீங்கதான் வாசகர்," என்றாள் லைப்ரரிக்காரி.

சாப்பாட்டு மேசைதான். மத்தியானத் தட்டுகளை இப்போதுதான் எடுத்திருந்தாள். துடைத்த ஈரம்கூடக் காயவில்லை.

அந்தப் பக்கம் போய் நின்றவர் அவள் புருஷன். லாரிப் பட்டறையில் ஆயுசுக்கும் முதுகு வளைத்துவிட்டு, இப்போது வீட்டோடு இருக்கிற மெக்கானிக்.

"லைப்ரரிக்கு நான் எதுக்கு வரப் போறேன்? மழைக்கு ஒதுங்கினாத்தான் உண்டு."

"மழை பெய்யுதுன்னு வச்சுக்குங்க."

நாளைக் காலையில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. புத்தாக்கப் பயிற்சி என்று பெயர். தலை நரைத்தவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவது இப்போது ஒரு வியாதி மாதிரிப் பரவியிருக்கிறது. தேறினால் தலைமை நூலகர். தேறாவிட்டால் அதே நாற்காலி, அதே கிறீச்சிடும் மின்விசிறி, வீட்டுக்கு அனுப்பும் நாள் வரைக்கும்.

போன வாரம் ஒத்திகையில் கோட்டை விட்டிருந்தாள்.

கழுத்தில் அட்டை தொங்கும் பயிற்சியாளர் வாசகர் மாதிரி வந்து நின்று, நாய் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்றார். எழுந்தாள். நேராக அலமாரிக்குப் போனாள். நாய் வளர்ப்புப் புத்தகத்தை உருவிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். தேடவே இல்லை. பாராட்டுவார் என்று நின்றாள்.

பூஜ்யம் போட்டார்.

"மேடம், என்னை நாய் கடிச்சிருக்கு. நீங்க வளர்க்கச் சொல்லி அனுப்பிட்டீங்க."

வகுப்பே சிரித்தது.

கேட்டதை எடுத்துக் கொடுப்பது வேலையே இல்லையாம். வருகிறவர் மனசில் இருப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்றாம். பக்குவமாகக் கேள்வி கேட்டு மனசில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டுமாம். ஆனால் 'ஏன்' என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆள் வாயை மூடிக்கொள்வாராம்.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகியதெல்லாம் ஏன்தான். ஏன் லேட்டு, ஏன் சட்டையில கறை, ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க.

இன்னொன்றும் உண்டு. தலைமை நூலகர் வேலை இந்த ஊரில் இல்லை. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போக வேண்டிய ஊரில் இருக்கிறது. அதை மட்டும் அவள் புருஷனிடம் சொல்லவில்லை.

தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். சொன்னால் மனுஷன் குதிப்பார். டாக்டரை நம்பமாட்டார், பேங்கை நம்பமாட்டார், பக்கத்து வீட்டில் கொடுக்கிற பழத்தை மோந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். கூட வரவும் மாட்டார். பெற்ற மகள் வீட்டிலேயே ஒரு ராத்திரி தங்காதவர், வேற்றூரில் வாடகை வீட்டுக்கு வருவாரா?

"நல்லாப் பாடாய்ப் படுத்துங்க. நாளைக்கு அந்த ஆள் சும்மா விடமாட்டார்," என்றாள்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையில் இல்லாத மழைத்தண்ணீரைத் தட்டிவிட்டார்.

"என்ன மேடம், கடை தொறந்திருக்கா?"

"வாங்க ஐயா. என்ன வேணும்?"

"சமையல் புத்தகம்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன்! ஏன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் பாதி எழுந்திருந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"எந்த மாதிரிப் புத்தகம்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அடுப்பு பத்த வைக்கிறதுல ஆரம்பிக்கணும். எழுத்து பெரிசா இருக்கணும். 'உப்பு தேவையான அளவு'ன்னு போட்டிருந்தா அந்தப் புத்தகமே வேண்டாம். எவன் தேவைக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பயிற்சியாளருக்குப் பதில் இவரையே போட்டிருக்கலாம் என்று நினைத்தாள். நடிப்பு அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி என்னென்ன சமைச்சிருக்கீங்க?"

"வீட்டுல ஒருத்தி இருக்கா. அடுப்படிப் பக்கமே விட்டதில்லை."

"அப்படி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்!"

வாசகரிடம் இப்படி மல்லுக்கு நின்றால் மார்க் போய்விடும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"மன்னிக்கணும் ஐயா. எத்தனை பேருக்குச் சமைக்கிற மாதிரி வேணும்?"

"ஒரு ஆளுக்கு."

அடுத்து என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அவளுக்கு நினைவு வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த ஈரத்தை ஒரு விரலால் இழுத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாள் வச்சுக்கலாம், மேடம்?"

"பதினஞ்சு நாள்." வாய் தானாகச் சொன்னது.

"பத்தாது. நீங்க ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வர்ற வரைக்கும் வேணும்."