அரை அங்குலம்

"மூணாவது வாரமும் நீங்க தைச்ச சட்டையில வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கு. காரணம் சொல்லுங்க. இல்லேன்னா போட்டியிலிருந்து வெளியேறணும்," என்றார் டிவியில் தையல் போட்டியின் நடுவர். விளம்பரம் வந்தது.

"உன் தங்கச்சிக்கு அளவெடுக்கவே தெரியலையே!" என்று மனைவியைச் சீண்டினார் கணவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவளோட பதினாலு வயசுலேருந்து என் துணியெல்லாம் அவ தைச்சதுதான். வாயில குண்டூசியோட, 'அசையாம நில்லுக்கா'ன்னு அதட்டுவா. என்னிக்காவது கோணலா பாத்திருக்கீங்களா?"

"உனக்குன்னா அச்சுல வார்த்த மாதிரி இருக்குமே!"

அவள் உள்ளே போய், பரிசாக வந்த கடைச் சட்டையை முதல்முறையாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"வலது பக்கம் தொங்குதே!"

"சட்டை சரிதாங்க. என் வலது தோள்தான் அரை அங்குலம் இறக்கம்; அதுக்கேத்த மாதிரிதான் அவ தைப்பா. சின்ன வயசுல மாடிப்படியில விழுந்தேன். இன்னிவரைக்கும் அவ யார்கிட்டயும் மூச்சு விட்டதில்லை."

விளம்பரம் முடிந்தது. தங்கை கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கை பழகிப்போச்சு மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.