மாயக்காளுக்கு ஒரு கொட்டகை

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: கிழக்கே, மண் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ராஜாராம் சார். அவருக்கு எதிரே, மண்வெட்டிக் கணையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெரியகருப்பன் அண்ணன். வடக்கே, மண் சலிக்கும் சல்லடைக்குப் பக்கத்தில் காலை நீட்டி ஒச்சம்மாள். தெற்கே, எழுதும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான்.

நடுவில் மாயக்காள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மேற்கே போடிமெட்டைப் பார்த்தபடி.

எங்களிடம் இருந்தது ஒரே குடை. அது மாயக்காளுக்கு மேல் விரிந்திருந்தது.

சாரின் உத்தரவு அப்படி. மாயக்காள்மேல் வெயில் பட்டால் சாயங்காலம் வரை தாங்கமாட்டார் என்றார். ஒச்சம்மாள் தன் தலைத்துண்டை நனைத்துப் பிழிந்து மாயக்காளுக்குப் போர்த்திவிட்டு, வெறுந்தலையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எண்பத்து நாலு, பங்குனி. மலையடிவாரத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த கம்பெனி பள்ளம் தோண்டும்போது பழம்பானைகள் தட்டுப்பட்டன. அந்த இடத்தை முறையாக அகழ்ந்து பார்த்த பிறகுதான் குழாய் மேலே போகலாம் என்று உத்தரவாகிவிட்டது. அந்த வேலையைக் காண்ட்ராக்டாக எடுத்து வந்தவர் மதுரை ராஜாராம் சார். கூலிக்குச் சேர்ந்தவர்கள் ராசிங்காபுரத்துக்காரர்கள்.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிழல்தான் இல்லை. குழாய்க்கு வழிவிட மரங்களை முன்பே வெட்டியிருந்தார்கள்.

ஒச்சம்மாளுக்கு ஆறு மாதம். போன வாரம் இரண்டு தடவை சல்லடையின்மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதைப் பார்த்த கம்பெனி இன்ஜினியர், இன்னொரு தடவை விழுந்தால் ஆளை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். பிள்ளை பிறக்கும் முன் நாலு காசு சேர்க்க அவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறில்லை.

நாங்களே ஓர் ஓலைப் பந்தல் போட்டோம். குழாய் போகும் வழியில் கம்பு நட்டதாகச் சொல்லி அதையும் பிடுங்கிப் போட்டார்கள்.

வேலையாட்களுக்கு நிழல் கேட்டு நான் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில். ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லை.

பெரியகருப்பன் அண்ணன் குடையைப் பார்த்தார்.

“வந்த அன்னிக்கே குடை புடிக்க வச்சுட்டாளே மகராசி. நாம ஒரு மாசமாக் காயுறோம், ஏறெடுத்துப் பாக்க ஆளில்ல.”

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“எனக்குக் கேட்டாத்தாண்ணே குடுக்க மாட்டாய்ங்க. ஆத்தாவுக்குக் கேட்டுப் பாருங்க, ஓடியாந்து குடுப்பாய்ங்க.”

சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒப்பந்தத்தைப் பிரித்து, ஒரு பத்தியில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, எழுதுங்கள் என்றார்.

ஐயா, வணக்கம். பொருள்: கொட்டகை கேட்பது. இங்கே இருக்கும் மாயக்காளுக்கு உடனே நிழல் தேவைப்படுகிறது. அவர் வெயில் தாங்கும் நிலையில் இல்லை.

எழுதியதை வாங்கிப் படித்தார் சார். ‘மாயக்காளுக்கு’ என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் ‘ஏழாம் எண் தாழியில் உட்கார்ந்த நிலையில் கிடைத்துள்ள எலும்புக்கூட்டுக்கு’ என்று திருத்தினார். ‘அவர்’ என்பது ‘அது’ ஆயிற்று. வயது எவ்வளவு போடலாம் என்று கேட்டேன். இரண்டாயிரத்துக்குக் குறையாது, பார்த்துப் போடுங்கள் என்றார்.

மாயக்காள் என்பது பெரியகருப்பன் அண்ணன் அன்று காலையில் வைத்த பெயர். அவருடைய மாமியார் பெயர். அந்த அம்மாளும் கோபம் வந்தால் இப்படித்தான் காலைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவாராம்.

அடுத்த வரியை சாரே சொன்னார். தோண்டிக் கிடைக்கும் எதற்கும் வெயில் மழை படாமல் கம்பெனி தன் செலவில் கொட்டகை போட வேண்டும். போடாமல் பழுதானால் குழாய் வேலை நிற்கும். ஒப்பந்தத்தில் அது இருந்தது.

கொட்டகையின் அளவு கேட்டேன்.

தாழியின் வாய் மூன்றடி. இருபதுக்குப் பதினைந்து என்று போடச் சொன்னார் சார். தாழி மண்ணைப் பக்கத்திலேயே வைத்துத்தான் சலிக்க வேண்டும், ஆகவே சல்லடையும் உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. தகரம் சூட்டை உள்ளே இறக்கும், தென்னங்கீற்றுதான் வேண்டும் என்று இன்னொரு வரி. கூடவே ஒரு பானைத் தண்ணீர். துணியை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா. சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மலை வளைவில் எஸ்டேட் ஜீப்பு இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நல்லபடி ஒரு பிரதி எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, நாலாக மடித்து உறையில் போட்டேன். பசை இல்லை. ஒச்சம்மாள் தன் தூக்குச்சட்டியிலிருந்து நாலு பருக்கை எடுத்துக் கொடுத்தாள். நசுக்கித் தேய்த்து ஒட்டினேன்.

பெரியகருப்பன் அண்ணன் சாலைக்கு ஓடிப்போய் ஜீப்பை மறித்தார். டிரைவர் மொக்கையன், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டார். போடியில் கம்பெனி ஆபீசில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார்.

ஜீப்பு கண்ணுக்கு மறைந்ததும் ஒச்சம்மாள் குடைக்குள் தலையை விட்டு, தாழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு ஆத்தா. நாங்களும் வர்றோம்ல.”