ஆடாத எழுபத்திரண்டு

திரையில் எழுபத்திரண்டு டிகிரி என்று வந்ததும் மேலாளர் கைதட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். அடக்கம் எனக்கு வராது, நடிப்பு வரும்.

அந்த மெழுகுவத்தி ஆலையின் ஒவ்வொரு இயந்திரமும் மென்பொருளுக்குள் ஒரு நோடு, தனி முகவரி. வீட்டுக்குள் வீடு, அறைக்குள் அறை. மெழுகுத் தொட்டியின் சூடு திரைக்கு வரவேண்டுமென்றால் அதற்கு வழி எழுதித் தரவேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ரூட் என்கிற தலைவாசலில் தொடங்கி ஆலை, ஆலைக்குள் இரண்டாம் வரிசை, அதற்குள் தொட்டி, அதற்குள் சூடு.

ஒரு வாசல் தப்பினாலும் அடுத்தவன் வீட்டில் போய் நிற்போம். ஒரு வாரமாக நான் அங்கேதான் நின்றேன். தொட்டியைக் கேட்டால் கன்வேயர் வந்தது. ஒருமுறை கேன்டீன் ஃப்ரிட்ஜ் வந்தது.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா உங்க மச்சான்கிட்ட குடுத்துடுவேன் சார், அவரு பாதி ரேட்டுக்குச் செய்றேங்கிறாரு" என்று மேலாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வரவேற்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, நான் கவிழ்வதற்காகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். வேலை போனால் போகட்டும். அது அவனிடம் போனால் வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது?

இப்போது மேலாளரே அவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பழைய மீட்டர் பேய் புடிச்ச மாதிரி ஆடும். இவரோடது பாருங்க, கல்லு மாதிரி நிக்குது!"

நான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. வாடிக்கையாளர் சரக்கைப் புகழும்போது குறுக்கே பேசமாட்டேன்.

ஒரு போட்டோ எடுக்கலாம் என்று மேலாளர் என்னைத் தொட்டியடியில் நிறுத்தினார். பெருமை தாங்காமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன். தொட்டியின் அந்தப் பக்கம் உறை போடாத வெறும் இரும்புத் தகடு.

"ஐயோ சார், முதுகு வெந்துடும்!" என்று மேலாளர் கத்தினார்.

முதுகு சில்லென்று இருந்தது.

சூடு என்ற நோடுக்குள் இரண்டு வாசல்கள். ஒன்று, தொட்டியில் இருக்கும் சூடு. மற்றது, இருக்கவேண்டிய சூடு. நான் நுழைந்தது இரண்டாவதில். அது நாமே குறித்து வைத்த எண், எதற்கு ஆடப்போகிறது? ஹீட்டர் எப்போதோ நின்றிருக்கிறது. சொன்ன விலையை விற்ற விலை என்று காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆ!" என்று அலறிக்கொண்டு தரையில் உருண்டேன்.

மேலாளர் மருந்துப் பெட்டியைத் தேடி ஓடினார். மச்சான் ஓடவில்லை. நிதானமாக வந்து, தொட்டியின்மேல் உள்ளங்கையைப் பதித்தான். பதித்த கையை எடுக்கவே இல்லை. தரையில் கிடந்த என்னைப் பார்த்தான்.

மேலாளர் பெட்டியோடு திரும்பிவரும் காலடிச் சத்தம் கேட்டது.

மச்சான் கையை உதறிக்கொண்டு, என்னைவிட நன்றாக அலறினான்.