தண்டபாணியின் சான்றிதழ்

அந்தச் சட்டைக்கு இன்று காலையில் அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சரசு அக்கா நீட்டிய போனில் அதே சட்டை. அதற்குள் அவள் கணவன் தண்டபாணி. தோளில் பொன்னாடை. பக்கத்தில் பனியன் கம்பெனி மேனேஜர். ஆளுக்கொரு நுனியாக ஒரு சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கம்பெனியில் யாரோ அரை மணி முன்னால் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பேட்டர்ன் பிரிவுக்குப் புது மாஸ்டர், வாழ்த்துகள்.

"உங்கூட்டுக்காரரு எப்பக் கண்ணு கம்ப்யூட்டர் படிச்சாரு?"

அவள் சான்றிதழில் பெயர் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்கினாள்.

எம். தண்டபாணி.

எட்டு மாதப் படிப்பு. துணி வெட்டும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைவது. நேரில் போய்ப் படிக்க இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்றரைக்குப் பிள்ளை பள்ளிவிட்டு வந்துவிடும். ஆன்லைனில் உண்டு என்றதும்தான் அவளுக்கும் படிப்பு என்று ஒன்று அமைந்தது.

தங்கைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்துப் படித்தாள். குக்கர் விசில் அடித்தால் பாடத்தை நிறுத்துவாள். இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஓடவிடுவாள். எந்த வாத்தியார் இப்படிக் காத்திருப்பார்?

அவன் ஒரு பாடம்கூடப் பார்த்ததில்லை. பரீட்சை நாளில் டிவி சத்தத்தைக் குறைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

இமெயில் அவனிடம்தான் இருந்தது. அதனால் அவன் பெயரிலேயே பதிந்தான்.

சான்றிதழ் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றான். அவளும் சரி என்றாள். கட்டினவனிடம் எழுதியா வாங்குவார்கள்?

பிள்ளை பிறக்கும் முன்பு அவள் அதே கம்பெனியில் நூல் பிசிர் வெட்டியவள். ஆறு வருஷம் நின்றுகொண்டே வெட்டினாள். பேட்டர்ன் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், இனி உட்கார்ந்து வேலை செய்யப்போகிறோம் என்று நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லக்கூட இல்லை, கண் பட்டுவிடும் என்று.

உனக்காக மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றுதான் இன்று கிளம்பிப் போனான்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தவன் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழுகை வரவில்லை.

வீட்டுக்குள் அவளுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது.

அவன்தான். கிசுகிசுவென்று பேசினான்.

"அம்மிணி, ஒரு டிசைன இப்பவே போட்டுக் காட்டச் சொல்றாங்க. கைக்குழிய விட சட்டைக் கை பெருசா நிக்குது. எதை அமுத்தறது? வெரசாச் சொல்லு, மேனேஜர் பக்கத்துலயே நிக்கறாரு."

வேறொன்றும் இல்லை. மன்னிப்பு இல்லை, சப்பைக்கட்டுகூட இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோலக் கேட்டான்.

பதினேழாம் பாடம் அது. வளைவை எந்த இடத்தில் பிடித்து எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

தப்பாகச் சொல்லிக் கவிழ்த்துவிடலாம்.

சரியாகவும் சொல்லிவிடலாம். சாயங்காலம் ஜிலேபி வாங்கிவருவான். நாளைக்கும் இதே நேரம் கூப்பிடுவான். நாளன்றைக்கும்.

"என்ன புள்ள, இருக்கறயா?"

"இருக்கறனுங்க. போனை மேனேஜர்கிட்டக் குடுங்க."



அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே மேனேஜரின் குரல்.

"போன்ல யாரு தண்டபாணி?"

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளும் காத்திருந்தாள்.