சிப்பு ஃபெயில்

"செக்யூரிட்டி சிப்பு இருக்கா, இருந்தா உயிரோட இருக்கா, அதை மட்டும் என் கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க பாய். நான் வாங்கிக்கறேன்" என்றார் சம்பந்தம்.

குமணன்சாவடியில் பஷீர் அகமதுவின் கடையில் பழைய லேப்டாப்பை வாங்கலாம், விற்கலாம். வாங்க வந்த சம்பந்தமும் விற்க வந்த கௌதமும் ஒரே நேரத்தில் படியேறியது தற்செயல்.

சம்பந்தம் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டை வாங்கினால்கூடப் பொத்தான்களை இழுத்துப் பார்ப்பார். லேப்டாப் வாங்குவதற்காக நான்கு வீடியோ பார்த்து, டைரியில் குறிப்பெடுத்திருந்தார். ரகசியச் சாவிகளை உள்ளே பூட்டி வைக்கிற அந்தச் சிப்பு இல்லையென்றால் புது விண்டோஸ் ஏறாது என்பது அதில் மூன்றாவது குறிப்பு.

"தாராளமா டெஸ்ட் பண்ணுங்க" என்றான் கௌதம். இருபத்தேழு வயது, மாங்காட்டில் ஃபிளாட். "ஒன்றரை வருஷம் வீட்லேயே வெச்சு வேலை பார்த்த மெஷின். ஒரு கீறல் கிடையாது. புதன்கிழமை புதுக் கம்பெனில சேர்றேன், இனிமே இது எனக்கெதுக்கு? ஃபார்மேட் பண்ணிட்டுக் குடுத்துடுங்க."

பஷீர் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளையை அடித்தார். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின. சம்பந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"சிப்பு இருக்கா? ட்ரூ. வேலை செய்யுதா? ட்ரூ. தயாரா? ட்ரூ. போதும் பாய், விலையைப் பேசுங்க."

"இரு சார், இன்னொண்ணு போட்டுப் பாத்துடறேன்."

இரண்டாவது கட்டளைக்குத் திரை நிறைய எழுத்து வந்தது. பஷீர் அதை ஒரு முறை படித்தார். சம்பந்தம் எட்டிப் பார்ப்பதற்குள் மூடியைப் பாதி சாய்த்துவிட்டார்.

"சிப்பு ஃபெயிலு சார். நான் எடுக்கல. நீங்களும் எடுக்காதீங்க."

"ஃபெயிலா? மூணு ட்ரூ வந்துது! எந்த ஊர் அகராதியில பாய் ட்ரூன்னா ஃபெயிலு?"

"அது மொத டெஸ்ட்டு. ரெண்டாவதுல பூடுச்சு."

"அதைக் காட்டுங்க."

"அது உங்களுக்குப் புரியாது சார்."

முப்பது வருடம் அடுத்தவர் சொன்னதை நம்பாமலே சம்பளம் வாங்கியவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

கௌதமுக்கும் சுருக்கென்றது. "பாய், விலையைக் குறைக்கத்தானே இவ்ளோ பில்டப்பு? நேரா கேளுங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்."

பஷீர் லேப்டாப்பை அவன் பக்கமாக மட்டும் திருப்பினார். "நீ படிச்சவன் தம்பி. நீயே பாரு. மேல இருந்து ரெண்டாவது வரி."

கௌதம் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தும் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா பாய்... ஃபெயில்தான்."

"புதன்கிழமைக்கு முன்னாடி அனுப்பிடு நைனா. எங்க அனுப்பினா சரியாவுமோ அங்க. எதிர்லயே கூரியர் கீது."

அவன் லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினான்.

விற்க வந்தவனே தன் சரக்கு சொத்தை என்று ஒப்புக்கொண்டு போவதை சம்பந்தம் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆகவே, பாய் அவனைப் பயமுறுத்தியிருக்கிறார். தீர்ப்பு எழுத அவருக்கு அரை நிமிடம் போதும்.

"நல்லா இருக்கு உங்க தொழில்! வந்தவனை மிரட்டி அனுப்ப வேண்டியது. சாயங்காலம் போன் பண்ணி, போனாப் போவுதுன்னு பாதி விலைக்கு அமுக்க வேண்டியது. பூந்தமல்லி பூரா சொல்றேன், பாருங்க."

"சொல்லுங்க சார்." பஷீர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டார். "வேற நல்ல மெஷின் வந்தா போன் பண்றேன்."

அந்த நிதானம்தான் சம்பந்தத்துக்குத் தாங்கவில்லை. குமணன்சாவடி சாலையை நடந்து கடக்க ஒன்று அசட்டுத் துணிச்சல் வேண்டும், அல்லது நியாயம் தன் பக்கம் இருக்க வேண்டும். சம்பந்தம் கையை உயர்த்திக்கொண்டு இரண்டு பஸ்களுக்கு நடுவே நடந்தார்.

கூரியர் கவுன்ட்டரில் கௌதம் லேப்டாப்பை அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துப்பா! உன் மெஷின் அப்பழுக்கு இல்லாதது. பாய் புளுகறார். நீ சொல்ற விலைக்கே நான் எடுத்துக்கறேன். இந்தா, கையில காசு."

"இல்ல சார். விக்கல."

"ஏம்ப்பா?"

அவன் இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்தான். எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் தலைகீழாகவாவது படித்துவிடுவது சம்பந்தத்தின் பழக்கம். பெட்டியின் மேல் சீட்டு இருந்தது. பெறுநர், பெங்களூரில் ஒரு கம்பெனி. பொருள் என்ற இடத்தில், 'வேலையை விட்டவர் திருப்பி அனுப்பும் அலுவலக லேப்டாப்.'

"ரெண்டு மாசமா அவங்க கேக்கவே இல்ல சார்" என்றான் கௌதம், குரல் எழும்பாமல். "மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். பாய் காட்டின ரெண்டாவது வரியில கம்பெனி பேர் அப்படியே இருந்தது. புது வேலைக்குப் பழைய கம்பெனில விசாரிப்பாங்க... வித்திருந்தா எல்லாம் போயிருக்கும். பாய் உங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல."

சம்பந்தத்தின் செல்போன் அடித்தது. மனைவி சாவித்திரி. காது மந்தம் என்பதால் அவர் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"என்னாச்சு, லேப்டாப் வாங்கிட்டீங்களா?"

"ஒண்ணு வந்துது. சரியில்ல."

"சரியில்லன்னு யார் சொன்னா? கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பிட்டீங்களா?"

டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கௌதம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

சம்பந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானே பக்கத்துல நின்னு வரி வரியாப் படிச்சேன் சாவித்திரி. பாய் சொன்னது சரிதான். சிப்பு ஃபெயில்."