கும்பிடு மட்டும்

எங்கள் தெருப் பூரணி டி.வி. சேனலில் எடிட்டர், அந்தப் பெருமையில் அவள் நடையே தனி. அன்று அவள் கைக்கு எங்கள் நகராட்சித் தலைவரின் பேட்டி வந்தது. "ஐயா, நம்ம ஏரி எங்கே போச்சு?" என்று நிருபர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். தலைவர் பதில் சொல்லாமல் சிரித்துக் கும்பிட்டார். "கேள்வியைத் தூக்கிடும்மா, கும்பிடு இருக்கட்டும்," என்றார் செய்தி ஆசிரியர். பூரணி தூக்கினாள். மத்தியானச் செய்தியில் தலைவர் ஊரையே வணங்கும் உத்தமராகத் தெரிந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகள் யாழினியைக் காணோம். பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரமாகியிருந்தது. "அக்கா, எம்பொண்ணு இந்தப் பக்கம் வந்தாளா?" என்று எதிர்வீட்டில் கேட்டாள். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை கேட்காமலே சொல்லும் சரசக்கா, சிரித்துக் கும்பிட்டாள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன், பாத்தீங்களா இல்லையா?" என்று பூரணி அலறினாள். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. தெருவே வாசலில் நின்று சிரித்துக் கும்பிட்டது. அப்போதுதான் தெருமுனையில் யாழினி தெரிந்தாள். பூரணி ஓடிப்போய் அவள் தோளை உலுக்கினாள். "எங்கேடி போயிருந்தே?" பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. பிறகு, கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மெதுவாகத் தரையில் வைத்தது. கும்பிட இரண்டு கையும் வேண்டுமே.